வெந்நீர் விக்கிற ஊருக்குப் போற மருமவனுக்கு

மருமவனே, நீயும் உன் வீட்டுக்காரியும் லண்டன்ல இருந்து பாத் நகரத்துக்குப் போறீங்களாமே, சந்தோசம். தாய்மாமன் ஒருத்தன் உசுரோட இருக்கையில போனைத் தட்டி அதுகிட்டயே வழி கேட்டியாம், அதுவும் சந்தோசம்தான். என் மக பிரிஸ்டல்ல குடியிருந்தப்ப பாத் தெருவெல்லாம் அலைஞ்சு முட்டியைத் தேச்ச ஆளு நான். பிரிஸ்டல்ல ரயிலேறி ஒரு வெத்தலையைப் போட்டு மென்னு முடிக்கும் முன்னே பாத் வந்துரும். துப்பத்தான் இடம் கிடைக்காது. நீ பாடிங்டன்ல ஏறினா ஒண்ணரை மணி நேரம் ஆகும். தூங்கிட்டு வா, இறங்கினப்பறம் ஏத்தம் ஏற வேண்டியிருக்கு.

அந்த ஊர்ல ஊறுறது ஒண்ணே ஒண்ணுதான்: வெந்நீர். நாள் ஒண்ணுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல, 46 டிகிரி சூட்டுல, தானாப் பொங்கி வருது. விறகும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். அதை வச்சே ரெண்டாயிரம் வருசமா ஊர் பிழைக்குது. முதல்ல சாமி பேரைச் சொல்லி வித்தான். பிறகு வைத்தியம்னு வித்தான், கௌரவம்னு வித்தான், இப்பச் சரித்திரம்னு விக்கிறான். சரக்கு அதேதான், விளம்பரப் பலகை மட்டும் மாறும். அதனால நான் சொல்றதைக் கேட்டுக்கோ. அங்க எதையும் முகப்புல நின்னு பார்த்து வாயைப் பிளக்காதே. சுத்திக்கிட்டுப் புறவாசலுக்குப் போ. சங்கதி அங்கதான் கிடக்கு.

ஊர் உண்டான கதையே பன்னித் தொழுவத்துல இருந்துதான் ஆரம்பிக்கும். பிளடட்னு ஒரு இளவரசன். தொழுநோய் வந்ததும் அரண்மனையை விட்டு வெளியேத்திட்டாங்க. பய பன்னி மேய்க்கப் போனான், பன்னிக்கும் நோய் தொத்திக்கிச்சு. ஒருநாள் பன்னியெல்லாம் சூடான சேத்துல விழுந்து புரண்டு எழுந்திருச்சா, தோல் பளபளன்னு இருக்கு. இவனும் குதிச்சான், நோய் போச்சு, ராசாவாகி ஊரைக் கட்டினான். கி.மு. 863-ன்னு வருசம்கூடச் சொல்லுவாங்க. கட்டுக்கதைக்கு வருசம் சொல்ற ஆளைக் கண்டா மடியில இருக்கிற காசைத் தொட்டுப் பார்த்துக்கோ. கடைசியில றெக்கை கட்டிப் பறக்கப் போயி விழுந்து செத்தானாம். ஷேக்ஸ்பியர் நாடகத்துல மூணு மக பெத்துச் சீரழியிற லியர் ராசா இவன் மகன்தான்னு பழைய கதை சொல்லுது. எப்படியோ, வைத்தியத்தைக் கண்டுபிடிச்சது பன்னிதான்னு கதை கட்டினவன் ஒத்துக்கிட்டான். பின்னால வந்த டாக்டருங்க எவரும் ஒத்துக்கல.

நிசத்துல அந்தத் தண்ணி எங்க இருந்து வருதுன்னா, பக்கத்துல மெண்டிப் குன்றுங்க இருக்கு. அங்க ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்திப் பெய்ஞ்ச மழை சுண்ணாம்புக்கல் வெடிப்பு வழியாக் கிலோமீட்டர் கணக்குல பூமிக்குள்ள இறங்கி, அங்க சூடேறி, பாறைப் பிளவு வழியா மேல வருது. அவ்வளவுதான். சாமியும் இல்ல, பன்னியும் இல்ல. இதை உன் வீட்டுக்காரிகிட்டச் சொல்லாதே. அவ ஏதாவது வேண்டிக்கிட்டு வந்திருப்பா.

ரோமாபுரிக்காரன் வந்து கி.பி. 60, 70 வாக்குல கோயிலைக் கட்டினான். அவன் கெட்டிக்காரன். அந்த ஊத்துல ஊர்க்காரங்க சுலிஸ்னு ஒரு தெய்வத்தைக் கும்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அதைத் துரத்தாம, தன் மினர்வாவை அதோட சேர்த்து சுலிஸ் மினர்வான்னு ஆக்கிட்டான். ஊருக்கு அக்வே சுலிஸ்னு அந்தத் தெய்வத்தோட பேரையே வச்சான். இடத்தைப் பிடிச்சவன் அந்த இடத்துச் சாமியோட மல்லுக்கு நிக்கக் கூடாதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நீயும் மாமியார் வீட்டுப் பூசையறையில கை வைக்காம இரு.

சீட்டு வாங்கி உள்ள போனா மேல்தளத்துல நின்னு பெரிய குளத்தைப் பார்க்கலாம். பச்சைப் பசேல்னு தண்ணி, அதுல ஆவி பறக்கும், சுத்திலும் ரோமாபுரிச் சக்கரவர்த்திங்க சிலையா நிப்பாங்க. உன் வீட்டுக்காரி ஒரு சிலைக்குப் பக்கத்துல நின்னு, ‘ரெண்டாயிரம் வருசப் பழமை’ன்னு எழுதிப் படம் போடுவா. அந்தச் சிலையும் தளமும் விக்டோரியா ராணி காலத்துது, 1897-ல திறந்தது. அவ போடட்டும், நீ திருத்தாதே. குடும்பம் முக்கியம். தண்ணி பச்சையா இருக்கிறதும் பழமையால இல்ல. ரோமன் காலத்துல மேல கூரை இருந்துச்சு. கூரை போயி வெயில் பட்டதும் பாசி பிடிச்சிருச்சு. நிசமான ரோமன் வேலையைப் பார்க்கணும்னா குனிஞ்சு பாரு. குளத்தோட அடியில 45 ஈயத் தகடு விரிச்சிருக்கான், ஈயமும் அதே மெண்டிப் குன்றுல வெட்டினதுதான். இன்னிக்கும் குளம் தண்ணி பிடிக்குது. நம்ம மாடித் தொட்டி போன ஆனியில கட்டினது, ஆவணியில ஒழுக ஆரம்பிச்சிருச்சு.

அப்புறம் அருங்காட்சிக்குள்ள இறங்கினா ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால கூட்டம் இருக்காது. எல்லாரும் மினர்வாவோட தங்கமுலாம் பூசின தலையைப் பார்க்க ஓடுவாங்க. நீ அந்தப் பெட்டிகிட்ட நில்லு. சின்னச் சின்ன ஈயத்தகடா இருக்கும். 1979-80 வாக்குல ஊத்தைத் தோண்டினப்போ கிடைச்சது, 130 வரைக்கும் இருக்கு. எல்லாம் சாபம்யா, சாபம்! ஆனைமலை மாசாணியம்மன் கோயில்ல களவு கொடுத்தவங்க நீதிக்கல்லுல மிளகா அரைச்சுப் பூசுவாங்கல்ல, அதே வழக்குதான் இது, மிளகாய்க்குப் பதிலா ஈயம். குளிக்கப் போனப்போ துணி களவு போயிருக்கும். போலீசு ஏது? தகட்டுல புகாரை எழுதிச் சுருட்டி ஊத்துக்குள்ள போட்ருவான். சுலிஸ் அம்மன் விசாரிப்பா.

டாசிமெடிஸ்னு ஒருத்தன், ரெண்டு கையுறை காணாமப் போச்சு அவனுக்கு. எடுத்தவன் புத்தி பேதலிச்சு, அம்மன் கோயில்லயே கண்ணும் அவிஞ்சு போகணும்னு கேக்கிறான். கையுறைக்கு, மருமவனே! சொலினஸ்னு இன்னொருத்தன். குளியல் அங்கியையும் மேலங்கியையும் பறிகொடுத்தவன், எடுத்தவனுக்குத் தூக்கமும் வரக்கூடாது, உடம்பும் தேறக்கூடாதுங்கிறான். ஆம்பளையா இருந்தாலும் பொம்பளையா இருந்தாலும், அடிமையா இருந்தாலும் இல்லாட்டாலும் விடாதேன்னு வக்கீல் பத்திரம் எழுதற கணக்கா ஓட்டை விழாம எழுதியிருப்பாங்க. சிலபேர் எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதியிருக்கான், மனுசன் கண்ணுக்குப் படாம அம்மன் மட்டும் படிக்கணும்னு போல. சில தகட்டுல வெறும் ஆள் பேரு மட்டும் வரிசையா இருக்கும். அந்தப் பேருக்காரனுக எத்தனை பேர் ராத்திரி தூங்காமப் புரண்டானுகளோ.

கோயில் கட்டினவன் பேரு முகப்புல இருக்கும், படைத்தலைவன் பேரு கல்லுல இருக்கும். பணக்காரன் குளிக்க வரும்போது துணிக்குக் காவலா அடிமையைக் கூட்டிட்டு வந்துருவான். காவலுக்கு ஆள் இல்லாதவனுக்குத்தான் அங்கி போகும், அவன்தான் தகடு எழுதுவான். ஆக, அந்த ஊர் மியூசியம் பூராவிலும் சாதாரண மனுசன் வாய் திறந்து பேசுறது அந்தப் பெட்டிக்குள்ளதான். 2014-ல யுனெஸ்கோ அந்தத் தகடுங்களைப் பிரிட்டனோட நினைவுப் பதிவேட்டுல சேர்த்துருச்சு. கையுறைப் புகாருக்கு ஆயிரத்து ஐந்நூறு வருசம் தாண்டி ஒரு முத்திரை விழுந்திருக்கு. திருடன் கிடைச்சானான்னு மட்டும் யாரும் எழுதி வைக்கல. ஊத்துக்குள்ள 12,000-க்கு மேல நாணயமும் கிடைச்சுது. சாபத்துக்குத் தனிக் கட்டணமோ என்னமோ.

வெளிய வர்றதுக்கு முந்திச் சாக்கடையைப் பார்க்காம வராதே. சிரிக்காதே. மிஞ்சின தண்ணியை ஏவன் ஆத்துக்குக் கொண்டுபோக ரோமன் கட்டின பெரிய வடிகால் இன்னிக்கும் வேலை செய்யுது. தண்ணியில இருக்கிற இரும்பு கல்லையெல்லாம் செம்மண் நிறமா ஆக்கி வச்சிருக்கும். கோயில் இடிஞ்சுது, கூரை விழுந்துது, ராச்சியம் போச்சு, சாக்கடை மட்டும் அசையல. அந்த மினர்வா தலை எப்படிக் கிடைச்சுதுங்கிற? 1727-ல கழிவுநீர்க் கால்வா தோண்டின கூலியாளுங்க கைக்கு வந்துது. பெரிய குளம்? 1878 வாக்குல ஊர் சர்வேயர் மேஜர் டேவிஸ் தண்ணி எங்க கசியுதுன்னு தேடிப்போயி ரோமன் சுவரைக் கண்டாரு, அதுல இருந்து ஒவ்வொண்ணா வெளிய வந்துது. பேராசிரியரைவிட அந்த ஊருக்குப் பிளம்பர்தான் அதிகம் செஞ்சிருக்கான். பக்கத்துல பாத் அபே தேவாலயம் இருக்கே, அதுகூட இப்ப அந்த வடிகால்ல ஓடுற வெந்நீரோட சூட்டை எடுத்துத்தான் உள்ள கதகதப்பா வச்சிருக்கு. ரோமன் அம்மன் குளிச்ச மிச்சத்துல ஏசுசாமி குளிர் காயுறாரு. அபே முகப்புல தேவதூதருங்க ஏணியில ஏறுற சிற்பம் இருக்கும். ரெண்டு மூணு பேர் தலைகீழா இறங்கிக்கிட்டு இருப்பாங்க, தேடிப் பாரு. மேல போனாலும் சீட்டு வாங்கச் சொன்னாங்களோ என்னவோ.

நடுக்காலத்து ஆயிரம் வருசத்தை நீ தாண்டிப் போயிரலாம். 973-ல எட்கர் ராசாவுக்கு அங்க முடிசூட்டினாங்கன்னு ஒரு வரி தெரிஞ்சாப் போதும்.

அதுக்குப் பின்னாலதான் வைத்திய வியாபாரம் சூடு பிடிச்சுது. சாமுவேல் பெப்பீஸ்னு லண்டன் உத்தியோகஸ்தர் 1668-ல வந்து, கூட்டம் சேர்றதுக்கு முந்தி விடியக்காலையிலயே தண்ணியில இறங்கிட்டாரு. இத்தனை உடம்பு ஒரே தண்ணியில முங்கினா அது எப்படிச் சுத்தமா இருக்கும்னு டைரியில சந்தேகமும் பட்டாரு. சந்தேகப்பட்டுக்கிட்டே ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஊறியிருக்காரு, அதுதான் மனுச சுபாவம். 1687-ல ரெண்டாம் ஜேம்ஸ் ராசாவோட மனைவி மேரி, பிள்ளை வேணும்னு வந்து கிராஸ் பாத் குளத்துல குளிச்சா. அடுத்த வருசமே ஆம்பளப் பிள்ளை பொறந்துருச்சு. கத்தோலிக்க வாரிசு வந்துட்டானேன்னு ஊர் பொங்கி, அந்த வருசமே ராசா நாட்டை விட்டு ஓடினாரு. தண்ணி தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சுது, சிம்மாசனத்துக்கு அது பொறுப்பில்ல. உங்களுக்குக் கல்யாணமாகி வருசம் ரெண்டாச்சு. நான் ஒண்ணும் சொல்லல, தகவலுக்காகச் சொன்னேன்.

பணக்காரன் வர ஆரம்பிச்சா அவனை மேய்க்க ஒருத்தன் வேணும்ல? அவன்தான் போ நாஷ். சொத்தும் கிடையாது, பட்டமும் கிடையாது, சூதாட்டக்காரன். 1705 வாக்குல ஊருக்குச் சடங்குத் தலைவனா வந்து அரைநூறு வருசம் ராசாவா வாழ்ந்தான். வாள் கட்டிக்கிட்டுத் திரியாதேன்னான், பூட்ஸோட நடனத்துக்கு வராதேன்னான், பல்லக்குத் தூக்கிறவனுக்குக் கூலியை நிர்ணயிச்சான். அமீலியா இளவரசி இன்னும் ஒரே ஒரு ஆட்டம்னு கெஞ்சினப்பகூட, மணி 11 ஆச்சு, முடிஞ்சுதுன்னுட்டானாம். பிரபுக்களும் சீமாட்டிகளும் வாயைப் பொத்திக் கேட்டாங்க. ஏன்னா அங்க சீக்குன்னு வந்தவங்கள்ல பாதிப்பேருக்கு நிசமான சீக்கு வேலையில்லாததுதான். என்ன செய்யணும்னு ஒருத்தன் சொன்னாச் சந்தோசப்பட்டுக் கேப்பான். சூதுக்குச் சட்டம் தடை போட்டதும் நாஷ் கையில காசு இல்லாமப் போச்சு. ஊர் கொடுத்த படியில காலந்தள்ளி 1761-ல செத்தான். உடனே ஊர் தன் செலவுல பெரிய இழவு எடுத்துச்சு. சிலை பம்ப் ரூம்ல நிக்குது, கும்பிடு போட்டுட்டுப் போ.

பம்ப் ரூம்னா 1790கள்ல கட்டி முடிச்ச தண்ணி குடிக்கிற மாளிகை. முகப்புல கிரேக்க எழுத்துல தண்ணியோட பெருமையைச் செதுக்கி வச்சிட்டு, உள்ள தேநீர் விக்கிறான். 43 வகைத் தாது இருக்குன்னு சொல்ற அந்தத் தண்ணியை ஒரு தம்ளர் வாங்கிக் குடி. வெதுவெதுன்னு இரும்பு வாடை அடிக்கும். முகம் சுளிக்காதே, பக்கத்து மேசைக்காரன் உன்னைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பான். அவன் ஏற்கெனவே குடிச்சவன்.

இப்ப ஏத்தம் ஏறு. ராயல் கிரசன்ட், பிறை வடிவத்துல 30 வீடு, 114 தூண். ஜான் வுட் மகன் ஜான் வுட் 1767-ல ஆரம்பிச்சு 1774-ல முடிச்சது. எல்லாரும் புல்வெளியில நின்னு படம் எடுப்பாங்க. நீ ஒண்ணு எடுத்துட்டுப் பின்சந்துக்கு வா. சிரிச்சு வயிறு வலிக்கும். வுட் கட்டினது முகப்பை மட்டும்தான். வாங்கினவன் முகப்புல தனக்கு இத்தனை அடின்னு வாங்கி, அதுக்குப் பின்னால தன் பணத்துக்கும் புத்திக்கும் தக்கபடி வீடு கட்டிக்கிட்டான். ஒரு வீடு நீட்டிக்கிட்டு இருக்கும், ஒண்ணு உள்வாங்கி இருக்கும், கூரை ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது, ஜன்னல் தோணின இடத்துல இருக்கும், குழாய் குறுக்கும் நெடுக்குமா ஓடும். முகப்புல 30 வீடும் ஒரே அரண்மனை, முதுகுப்பக்கம் முப்பது குடும்பச் சண்டை. புல்வெளியில ஒரு பள்ளச்சுவர் இருக்கு, வீட்டுல இருந்து பார்த்தாத் தெரியாது. மாடு மேயிற அழகு கண்ணுக்கு வேணும், மாடு மட்டும் கிட்ட வரக்கூடாது, அதுக்காக வெட்டினது. 1970கள்ல ஒரு அம்மா தன் வீட்டுக் கதவுக்கு மஞ்சப் பெயின்ட் அடிச்சுட்டா. மத்தவங்க கதவெல்லாம் வெள்ளை. நகராட்சி நோட்டீசு விட, வழக்கு அமைச்சர் வரைக்கும் போயி அந்த அம்மா ஜெயிச்சா. அந்த மஞ்சக் கதவு 22-ம் நம்பர். பின்பக்கம் என்ன கூத்து நடந்தாலும் கேக்காத ஊருக்கு முன்பக்கம் ஒரு கதவு பொறுக்கல.

புல்ட்னி பாலத்துக்கும் இதே புத்திமதிதான். ராபர்ட் ஆடம் வரைஞ்சது, 1774-ல முடிஞ்சது, ரெண்டு பக்கமும் கடை வச்ச பாலம். தெற்குப் பக்கம் அழகு சொட்டும். வடக்குப் பக்கம் போயிப் பாரு, கடைக்காரங்க ஆளுக்கொரு இழுப்பு இழுத்து ஆத்துக்கு மேல நீட்டி வச்சிருப்பாங்க.

கிரசன்ட்ல இருந்து இறங்கி வர்ற வழியில சர்க்கஸ்னு வட்டமா வீடுங்க. மொத்தம் 33. அப்பன் வுட் 1754-ல ஆரம்பிச்ச உடனே செத்துப்போனாரு, மகன் முடிச்சாரு. மேல கைப்பிடிச் சுவர்ல கல்லுல செதுக்கின ஓக்கு மரக் கொட்டை வரிசையா இருக்கும். பிளடடோட பன்னி தின்ன கொட்டையை நினைச்சு வச்சதுன்னு சொல்லுவாங்க. அந்த வட்டத்துல 14-ம் நம்பர் வீட்டு முன்னால கொஞ்சம் நில்லு. 1751-ல நம்ம ஆற்காட்டுக் கோட்டைக்குள்ள உக்காந்து முற்றுகையைத் தாங்கி, பிறகு வங்காளத்துல போயி வாரிக் கட்டினானே ராபர்ட் கிளைவ், அவன் உடம்புக்கு முடியாம இருந்த வீடு அது. 1774 நவம்பர்ல லண்டன்ல செத்தான். வங்காளத்துப் பணமும், ஜமைக்காவுல அடிமைங்க கரும்பு வெட்டின பணமும் அந்த ஊர் மஞ்சக் கல்லுல எவ்வளவோ ஏறியிருக்கு. லேன்ஸ்டவுன் உச்சியில பெக்ஃபோர்டு கோபுரம்னு ஒண்ணு நிக்குதே, அது அந்தக் கரும்புக் காசுதான். கல்லு அழகுதான், நான் இல்லைங்கல. தடவிப் பார்க்கும்போது யார் வீட்டுக் காசுன்னும் ஒரு தடவை நினைச்சுக்கோ.

ஜேன் ஆஸ்டின் பேரைச் சொல்லாத கடை அங்க கிடையாது. அந்தப் பொண்ணு 1801-ல இருந்து 1806 வரைக்கும் அங்க குடியிருந்தா. ஊரை அவளுக்குப் பிடிக்கல. அப்பாவையும் அங்கதான் பறிகொடுத்தா, அந்த அஞ்சு வருசத்துல எழுத்தும் சரியா ஓடல. தப்பிச்சோம் பிழைச்சோம்னு கிளம்பினா. இன்னிக்கு அவ பேர்ல மையம் இருக்கு, செப்டம்பர்ல திருவிழா இருக்கு, குல்லாயும் கவுனும் போட்டு ஊர்வலம் போறாங்க. திட்டினவளையும் விக்கத் தெரிஞ்ச ஊர்!

புறவாசல்னு இத்தனை தடவை சொன்னேனே, ஒண்ணை மட்டும் தவறவிடாதே. நியூ கிங் தெரு 19-ம் நம்பர், சின்ன வீடு. வில்லியம் ஹெர்ஷல்னு ஒரு சங்கீதக்காரர், ஆர்கன் வாசிக்கிறவர், தங்கச்சி கரோலினோட இருந்தாரு. பகல்ல பாட்டு வகுப்பு, ராத்திரி கொல்லையில தானே செஞ்ச தொலைநோக்கி. 1781 மார்ச் 13-ம் தேதி அந்தக் கொல்லையில இருந்துதான் யுரேனஸைக் கண்டாரு. சீமாட்டிங்கெல்லாம் யார் என்ன உடுப்புன்னு பார்த்துக்கிட்டு இருந்த ஊர்ல மேல பார்த்தவரு அவரு. கண்ணாடி வார்க்க உலோகத்தைக் காய்ச்சினப்போ அது கொட்டி, தரைக்கல்லு வெடிச்ச தடம் இன்னும் அங்க இருக்கு.

கடைசியாக் குளியல். ரோமன் குளத்துல கை வைக்காதே. 1978-ல அந்த ஊத்துத் தண்ணியில நீந்தின ஒரு பொண்ணு அமீபா தொற்றி இறந்துபோச்சு. அதோட ஊர்ல வெந்நீர்க் குளியலே நின்னுபோச்சு. ஆழமாத் துளை போட்டுச் சுத்தமான தண்ணி எடுத்து, தெர்மே பாத் ஸ்பான்னு புதுசாக் கட்டினாங்க. 2003-ல பேர்பெற்ற மூணு பாட்டுக்காரங்களை வரவழைச்சுத் திறப்புவிழாக் கச்சேரியெல்லாம் நடத்தினாங்க. குளம் திறந்தது 2006-ல. செலவு போட்ட கணக்குல மூணு மடங்கைத் தாண்டிருச்சு. ரெண்டு மணி நேரத்துக்குச் சீட்டு, துண்டும் செருப்பும் மேலங்கியும் தருவாங்க. வீண் செலவு. அவசியம் போகணும்னா சாயங்காலமாப் போ. சனி ஞாயிறு வேண்டாம், வரிசை நிக்கும். நேரா மாடிக் குளத்துக்குப் போயிரு, கீழ்க்குளத்துல நேரத்தைத் தொலைக்காதே. ஓரத்துல நின்னா அபே கோபுரமும் தெரியும், குன்றும் தெரியும். கழுத்துக்குக் கீழ வெந்நீர், கழுத்துக்கு மேல குளிர்காத்து. குமிழி விடுற மூலை ஒண்ணு இருக்கு, முட்டிக்கு நல்லது, வெள்ளைக்காரப் பாட்டிங்க பிடிச்சுக்குவாங்க, முந்திக்கோ.

இதெல்லாம் மாமாவுக்கு எப்படித் தெரியும்னு உன் அத்தை கேட்டா, வாசல்ல இருந்த நோட்டீசுல படிச்சாராம்னு சொல்லிரு. அவ கணக்குல அந்தப் பவுண்டெல்லாம் பிரிஸ்டல்ல மூட்டுவலித் தைலம் வாங்கின செலவு.